காலேஜ் பில்டிங் நல்லாருக்கான்னு எப்படிப் பாக்குறது?

அடுத்த கேள்வி, சிவில் ஃபைனல் இயர் தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு. "சார், எங்க காலேஜ் பில்டிங் கட்டி 30 வருஷம் ஆச்சு, மேல் மாடி கிளாஸ்ல சீலிங் பூச்சு பேந்து விழுது, காலேஜுக்கு கிரேடு போடுற நாக் (NAAC) டீம் விசிட் வர்றப்பல்லாம் பெயின்ட் அடிச்சிடுறாங்க, இதையே ப்ராஜெக்டா எடுத்திருக்கேன், கான்கிரீட்ட தட்டி ஸ்ட்ரென்த் பாக்குற ரீபவுண்ட் ஹேமர் வச்சு ஆரம்பிக்கலாமா?"ன்னு.

தம்பி, ஹேமர கீழ வைங்க. மொதல்ல அங்க கூட்டுற அக்காகிட்ட போய்ப் பேசுங்க. மழ பேஞ்சா எந்த ரூம்ல பக்கெட் வைக்கிறாங்க, எந்த பாத்ரூம் பூட்டியே கெடக்கு, எந்த ஸ்விட்ச்ச ஈரக்கையோட தொடக்கூடாது, எல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். ஒரு காலேஜுக்கு நான் பாக்கப் போனப்ப கம்ப்ளைன்ட் ரெஜிஸ்டர்ல வருஷத்துக்கு மொத்தமே 9 என்ட்ரி, அட பரவால்லையேன்னு நெனச்சேன், அந்தக்கா கூட்டிட்டுப் போயி காட்டுனது ஒரே ஃப்ளோர்ல பழுதான எடம் 11. எழுதி என்ன ஆகப்போகுதுன்னு யாரும் எழுதுறதில்ல, அவ்ளோதான்.

அப்புறம் மொட்ட மாடி. மழ விட்ட மறுநாள் காலைல ஏறுங்க. தண்ணி எங்க தேங்கி நிக்குதோ, கீழ எறங்கிப் பாத்தா பெரும்பாலும் அங்கதான் பூச்சு விழுந்திருக்கும். தண்ணி போற குழாய் வாய்ல எல, பால் கவர்னு அடச்சிருக்கும், கைப்பிடிச் செவுத்துல அரசங்கன்னு மொளச்சிருக்கும். தண்ணியும் காத்தும் உள்ள போனா கம்பி துருப்பிடிக்கும், துருவுக்கு இரும்ப விட எடம் ஜாஸ்தி வேணும், அது உப்பி உப்பி கான்கிரீட்டக் கீழ தள்ளிவிட்டுடும். அது மேல பெயின்ட் அடிக்கிறது காய்ச்சக்காரனுக்குப் பவுடர் பூசுற கததான்.

டெஸ்ட்டுன்னா, புதுசா ஒடச்ச எடத்துல பினாப்தலின் தெளிங்க, காரம் பட்டா பிங்க் ஆகுற கரைசல், லேப்லயே இருக்கும். பிங்க் ஆனா கான்கிரீட்ல கம்பியத் துருப்பிடிக்காம காக்குற காரம் இன்னும் இருக்கு, நெறம் மாறலன்னா கார்பனேஷன், அதாவது காத்துல இருக்க கார்பன் டை ஆக்சைடு அந்தக் காரத்தக் கொறைக்கிறது, அந்த ஆழம் வரைக்கும் போயிடுச்சுன்னு அர்த்தம். ஸ்லாப்ல கம்பிக்கு கவரே, அதாவது கம்பிய மூடியிருக்குற கான்கிரீட்டே, 20 எம்எம்தான், பழைய பில்டிங்ல பல எடத்துல அதுகூட இருக்காது, அதனால கம்பியத் தொட்டாச்சான்னு அளந்து பாருங்க. அல்ட்ராசோனிக் டெஸ்ட் எடுத்தா, கான்கிரீட்டுக்குள்ள ஒலி போற வேகம் செகண்டுக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல வந்தா நல்லது, அதுக்குக் கீழ போகப் போக சந்தேகம்தான்.

ஹேமர ஏன் கீழ வைக்கச் சொன்னேன்னா, கார்பனேஷன் ஆன கான்கிரீட்டுக்கு மேல்தோல் கெட்டியாயிடும், ரீடிங் ஏத்திக் காட்டும். உள்ள கம்பி துருப்பிடிச்சுக் கெடக்கும், நீங்க ரிப்போர்ட்ல ஸ்ட்ரென்த் சூப்பர்னு எழுதிட்டு வந்துடுவீங்க.