முதலில் சோபா, அப்புறம் ஸ்பீக்கர்

வணக்கம் நேயர்களே.

பொங்கோலில் புது வீட்டுச் சாவி வாங்கிய என் அக்கா மகன் போன மாதம் போன் செய்தான். "மாமா, 5.1 வாங்கட்டுமா, 7.1 வாங்கட்டுமா? கையில 700 வெள்ளி இருக்கு."

"சோபாவை எங்கடா போடப் போற?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "மாமா, நான் ஸ்பீக்கரைப் பத்திக் கேட்டேன்."

"நானும் அதைத்தாண்டா கேக்கிறேன்."

ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் பழுதுபார்ப்பது என் தொழில். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் விசாரிப்பதெல்லாம் எண்கள்தான். எத்தனை வாட், எத்தனை ஸ்பீக்கர், எத்தனை அங்குலம். வாங்கி ஆறு மாதம் கழித்து வரும்போது எண்ணைப் பற்றிப் பேச்சே இருக்காது. "சண்டைக் காட்சி அள்ளுதுண்ணே, ஆனா என்ன பேசுறாங்கன்னுதான் விளங்கலை" என்பார்கள்.

ஏன் விளங்கவில்லை? 5.1 என்றால் முன்னால் இடம், வலம், நடு என்று மூன்று ஸ்பீக்கர், பக்கவாட்டில் அல்லது பின்னால் இரண்டு. புள்ளிக்குப் பிறகு வரும் அந்த ஒன்று, அடிநாதத்துக்கான (பேஸ்) சப்வூஃபர். 7.1 என்றால் பின்னால் இன்னும் இரண்டு. 5.1இன் ஆறில், படத்தின் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். நடு ஸ்பீக்கர் இல்லாத செட்டில் அந்த வசனத்தை இடத்துக்கும் வலத்துக்கும் கலந்து அனுப்பிவிடுவார்கள். அதே ஸ்பீக்கரில்தான் மழையும் லாரியும் பின்னணி இசையும் ஓடிக்கொண்டிருக்கும். மனுஷக் குரல் அதற்குள் மாட்டிக்கொண்டு முழிக்கும். டிவியில் இருக்கும் ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டிவி மெலிய மெலிய, ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ முதுகுப்பக்கமோ போய்விட்டது. நம்மைப் பார்த்துப் பேசாத ஆள் சொல்வது எப்படி விளங்கும்?

நல்ல ஸ்பீக்கர் இரண்டு இருந்தாலே, சரியாக நடுவில் உட்கார்ந்தால் குரல் நடுவிலிருந்து வருவது போலத்தான் கேட்கும். தனியாகப் பார்ப்பவருக்கு அது போதும். ஆனால் சோபாவின் ஓரத்தில் பாட்டியும் தரையில் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிற வீட்டில், ஓரத்தில் இருப்பவருக்கு எல்லாமே பக்கத்து ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். அதனால்தான் காசு குறைவாக இருந்தால் அதை முன்வரிசையில் போடுங்கள், நடு ஸ்பீக்கரில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். இடம், வலம், நடு மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையாக இருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் ஒரே ஆள் திரையில் நடந்து போகும்போது குரல் மாறிக்கொண்டே போகும்.

இதெல்லாம் தெரிந்த நானே ஒருமுறை ஏமாந்தேன். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு கடையில் பெட்டியோடு வரும் ஐந்து ஸ்பீக்கர் செட். பெட்டியில் கொட்டை எழுத்தில் ஆயிரம் வாட். அந்த ஆயிரம் வெறும் பிஎம்பிஓ கணக்கு, அதாவது ஒரு கணம் எட்டும் உச்சம், அதை நம்பக்கூடாது, தொடர்ந்து தரும் வாட்டான ஆர்எம்எஸ் எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். விலையைப் பார்த்ததும் புத்தி போய்விட்டது. சப்வூஃபரைக் கண்ணுக்குத் தெரியாமல் மூலையில், சாமி அலமாரிக்குக் கீழே வைத்தேன். அன்று ராத்திரி படம் போட்டால், ஹெலிகாப்டர் வரும்போதெல்லாம் குத்துவிளக்கு 'ங்ங்ங்' என்று கூடவே பாடுகிறது. விபூதித் தட்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்து விளிம்புக்கு வந்துவிட்டது. மறுநாள் லிஃப்டில் கீழ்வீட்டுச் சீன அங்கிள் ரொம்ப மரியாதையாகக் கேட்டார், "நேற்று ராத்திரி உங்கள் வீட்டில் ரெனவேஷனா?"

அங்கிள் மேல் தப்பே இல்லை. 40 ஹெர்ட்ஸ் அடிநாதத்தின் அலைநீளம் எட்டரை மீட்டர். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தின் அகலம் மூன்று, மூன்றரை மீட்டர்தான். அந்த அலை சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, ஓரிடத்தில் குவியும், இன்னோரிடத்தில் காணாமல் போகும். மூலையில் வைத்தால் இன்னும் வீங்கும். சுவரும் தளமும் கான்கிரீட் என்றாலும் அடிநாதத்தை முழுக்கத் தடுக்காது. கீழே ரப்பர் வைத்தால் பெட்டியின் அதிர்வு தரையில் இறங்குவது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இடம் பார்க்க ஒரு வழி உண்டு. பார்க்கத்தான் கோமாளித்தனமாக இருக்கும். சப்வூஃபரைத் தூக்கி, நீங்கள் உட்காரும் இடத்தில் சோபா மேல் வையுங்கள். தவில் அதிரும் பாட்டு ஒன்றைப் போடுங்கள். அப்புறம் முட்டி போட்டு, சுவர் ஓரமாகக் கூடத்தைச் சுற்றி ஊர்ந்து வாருங்கள். ஓரிடத்தில் கும்மென்று இரையும், இரண்டடி தள்ளினால் ஒன்றுமே இருக்காது. எந்த இடத்தில் ஒவ்வோர் அடியும் தனித்தனியாக, அளவாகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். நான் ஊர்ந்தபோது என் மனைவி எடுத்த வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போகட்டும், குத்துவிளக்கு பாடுவது நின்றது.

வாட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். கூடத்தில் சாதாரணமாகப் படம் பார்க்கும்போது ஸ்பீக்கர் தின்பது ஒன்றிரண்டு வாட்தான். ஆகவே 100க்கும் 150க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சரி, மருமகன் கதைக்கு வருவோம். போய்ப் பார்த்தேன். சோபா பின்சுவரை ஒட்டி இருக்கிறது. பின் ஸ்பீக்கருக்கு இடமே கிடையாது, 7.1 கனவு அங்கேயே முடிந்தது. தலைக்கு மேலிருந்தும் ஒலி வருகிற டால்பி அட்மாஸ் வேண்டுமென்றான். கூரையில் பட்டுத் திரும்பும்படி மேல்நோக்கிப் பாடும் ஸ்பீக்கருக்குத் தட்டையான கூரை வேண்டும். அவன் ஏற்கெனவே விளக்கு ஒளித்த, மேடும் பள்ளமுமான ஃபால்ஸ் சீலிங் போட்டுவிட்டான். அதுவும் போச்சு.

ஒயர் இழுக்கவே பிடிக்காது என்றால் 3.1 சவுண்ட்பார் வாங்கு, டிவிக்குக் கீழே வைக்கிற நீள ஸ்பீக்கர், அந்த மூன்றில் ஒன்று வசனத்துக்கு என்றேன். வெறும் 2.1 வேண்டாம். படுக்கையறையில் சின்ன டிவி, கம்ப்யூட்டர் மேசை என்றால் அது வேறு விஷயம். அதற்கு நம்மூர் கிரியேட்டிவ், 1981இல் சிம் வோங் ஹூ தொடங்கிய அதே கம்பெனி, கைக்கு எட்டும் விலையில் சின்ன சவுண்ட்பார்கள் போடுகிறது.

மருமகன் ஒயர் பரவாயில்லை என்றான். பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில், ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியான ஏவி ரிசீவர் 150 வெள்ளி, அலமாரியில் வைக்கும் ஸ்பீக்கர் ஜோடி 180, அதே வரிசையில் நடு ஸ்பீக்கர் 120. சிம் லிம் டவரில் மீட்டர் கணக்கில் செம்பு ஒயர், ஓரமாக ஓட்ட, ஒயரை மூடும் டிரங்கிங், எல்லாம் சேர்த்து 40. மிச்சத்தை வைத்துக்கொள், சப்வூஃபரை போனஸ் வந்ததும் பார்க்கலாம் என்றேன்.

பழையது வாங்கும்போது ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றிக் கூம்பின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். அந்த வளையம் ரப்பராக இருந்தால் பல வருடம் தாங்கும். நுரையாக இருந்தால் நம்மூர்ப் புழுக்கத்தில் பழைய பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும். நான் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் வாங்கிய முதல் ஜோடி, வீட்டுக்கு வந்து துணியைக் கழற்றியதுமே கையோடு வந்துவிட்டது. போய்ச் சண்டை போட இப்போது அந்தச் சந்தையும் இல்லை, 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெட்டி என்றால் பின்பக்கம் 230 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவின் 120 வோல்ட் பெட்டியை நம் பிளக்கில் செருகினால் புகைதான் வரும். அப்படிப் புகைந்தவை என் பட்டறையில் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன.

பழைய ரிசீவர் 4கே படத்தைக் கடத்தாதே என்று பயப்பட வேண்டாம். படம் தரும் செட்டாப் பெட்டி, பிளேயர்களை நேரே டிவியில் செருகி, டிவியிலிருந்து ஒலியை மட்டும் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பலாம். டிவியின் முதுகில் எச்டிஎம்ஐ துளைகளைப் பாருங்கள். ஒன்றின் பக்கத்தில் மட்டும் ஏஆர்சி அல்லது ஈஏஆர்சி என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்தத் துளைதான், வேறு எதில் செருகினாலும் ஒலி திரும்பி வராது. எனக்கு வரும் 'சத்தமே வரலைண்ணே' போன்களில் பாதி இந்தத் துளையைப் பற்றியவைதான். ஏஆர்சி இல்லாத பழைய ரிசீவருக்கு ஆப்டிகல் ஒயர் போதும், அட்மாஸ் மட்டும் அதில் வராது.

அப்புறம், நம் வீடுகளில் படத்தைவிடப் பழைய பாட்டுத்தான் அதிகம் ஓடும். அறுபதுகளின் பாட்டுகள் பெரும்பாலும் மோனோவில், அதாவது ஒரே தடத்தில் பதிவானவை. அதை ஐந்து ஸ்பீக்கருக்கும் பரப்பினால் கிணற்றுக்குள் நின்று பாடுவது போல இருக்கும். ரிமோட்டில் ஸ்டீரியோ என்ற பொத்தானை அமுக்குங்கள். ராத்திரியில் நைட் மோட் போடுங்கள், வெடிச்சத்தம் அடங்கும், கிசுகிசுப் பேச்சு எழும்பும்.

புதிதாகவே வாங்குவதென்றால் கோல்மன் ஸ்திரீட் அடெல்ஃபியில் ஸ்பீக்கர் கடைகள் இருக்கின்றன, போய்க் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் போடுகிற கார் துரத்தலுக்கு எந்த ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் போனில் ஒரு தமிழ் நாடகக் காட்சியைக் கொண்டுபோங்கள், நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிற காட்சியாக இருந்தால் ரொம்ப நல்லது. ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள், ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டில் எவ்வளவு வைப்பீர்களோ அந்த அளவுக்கு. அம்மாவையும் கூட்டிப் போங்கள்.

நான் என் அம்மாவைக் கூட்டிப் போனேன். அந்த ஆயிரம் வாட் செட்டில் ஒலியை 38இல் வைத்து நாடகம் பார்த்தவர், இப்போது டிவியின் இரண்டு பக்கமும் ஒன்று, நடுவில் ஒன்று என்று மூன்றே ஸ்பீக்கரில் 'போதும்டா, குறை' என்கிறார். பழைய செட்டின் பின் ஸ்பீக்கர் இரண்டும் பாம் ஷெல்டரில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன். ஒயர் மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.