வகுப்பறைக்குள் ஒரு வங்கி

[திரையில்: ஒரு மேஜை. அதன்மேல் கோடு போட்ட பேரேடு, டோக்கன் நிறைந்த டப்பா.]

வணக்கம். "வங்கி ஏன் நமக்கு வட்டி தருகிறது?" என்று ஒரு மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். "பணம் போட்டு வைத்திருக்கிறோமே, அதனால்" என்பார். சரி, அந்த வட்டிப் பணம் எங்கிருந்து வருகிறது? அங்கே பேச்சு நின்றுவிடும். புத்தகத்தில் பதில் இருக்கிறது, அவர் படித்தும் இருப்பார். ஆனால் இதுவரை அவர் நின்றது பணம் போடுபவரின் பக்கத்தில் மட்டும். இந்த வீடியோவில் அவரை மேஜையின் அந்தப் பக்கம், காசாளர் நாற்காலியில் உட்கார வைக்கப் போகிறோம்.

ஏன் இந்த மெனக்கெடல்? 2014இல் ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மேயர் என்ற மூன்று ஆய்வாளர்கள் நிதிக்கல்வி பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மனிதர்கள் பணத்தைக் கையாளும் விதத்தில் உள்ள வேறுபாடுகளில், பாடம் நடத்தியதால் வந்தது என்று சொல்ல முடிந்தது வெறும் 0.1 சதவீதம். பல மணி நேரம் நடத்திய வகுப்புகளின் தாக்கம்கூட 20 மாதங்கள் கழித்துப் பார்த்தால் அநேகமாகக் கரைந்து போயிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அவர்கள் ஒரு வழியும் சொன்னார்கள்: முடிவெடுக்க வேண்டிய நேரத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கற்றுக்கொடுங்கள். மாணவர்களே நடத்தும் வகுப்பு வங்கி அந்த நேரத்தையே வகுப்பறைக்குள் கொண்டு வருகிறது.

[திரையில்: காசாளர், கணக்காளர், கடன் அதிகாரி, தணிக்கையாளர் என்று நான்கு அட்டைகள்.]

30 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பணம் வேண்டாம், டோக்கன் போதும். பலகை துடைப்பது, நூலக அலமாரியை அடுக்குவது போன்ற வேலைகளுக்கு வாரக் கூலி. ஆளுக்கு 100 டோக்கன் சேர்ந்ததும் கணக்கு தொடங்குகிறார்கள். விண்ணப்பம், மாதிரிக் கையெழுத்து, பாஸ்புக் எல்லாம் உண்டு. நான்கு பொறுப்புகளும் வாரந்தோறும் கைமாறும்.

முதல் ஆச்சரியம் பேரேட்டில் காத்திருக்கிறது. மாணவர் 100 டோக்கன் போடுகிறார். அவர் பாஸ்புக்கில் அது வரவு, அவருடைய சொத்து. வங்கியின் ஏட்டிலோ அதே 100 வங்கி பட்ட கடன்! நாம் வங்கியில் பணம் போடும்போது உண்மையில் வங்கிக்குக் கடன் கொடுக்கிறோம் என்பது, பேனாவைப் பிடித்து எழுதும்போதுதான் உறைக்கிறது. டப்பாவுக்கு வந்த பணமாக ஒரு தடவை, பட்ட கடனாக ஒரு தடவை என்று ஒவ்வொரு நடப்பையும் ஒரே ஏட்டில் இரண்டு இடத்தில் எழுதும் இந்த முறையை லூகா பச்சோலி என்ற கணித அறிஞர் 1494இல் வெனிஸில் அச்சான தன் நூலில் விளக்கினார். அவர் கண்டுபிடித்தது அல்ல, வணிகர்கள் ஏற்கெனவே எழுதி வந்ததுதான்.

அதே நூலில் இன்னொரு சூத்திரமும் இருக்கிறது. 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாகும் காலம் தோராயமாகக் கிடைக்கும். நம் வங்கியில் வாரத்துக்கு 2 சதவீதம் கூட்டு வட்டி. நிஜ வங்கி இப்படித் தராது. ஒரு கல்வியாண்டுக்குள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக வைத்த விகிதம் இது. 72ஐ 2ஆல் வகுத்தால் 36 வாரம். எடுக்காமல் விட்ட 100 டோக்கன் 36ஆம் வாரம் 204 ஆகிறது. தனி வட்டி என்றால் 172தான். அந்த 32 டோக்கன் வட்டிக்கு வந்த வட்டி.

[திரையில்: 3,000 டோக்கன் இரண்டாகப் பிரிகிறது: 600, 2,400.]

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். மொத்த வைப்பு 3,000. முதல் வாரம் கொடுக்க வேண்டிய வட்டி 60. டப்பாவிலேயே வைத்திருந்தால் அது எங்கிருந்து வரும்? 600ஐக் கையிருப்பாக வைத்துக்கொண்டு 2,400ஐ வாரம் 3 சதவீத வட்டிக்குக் கடன் கொடுக்கிறார்கள். வருவது 72. வைப்பாளர்களுக்கு 60 போக மிச்சம் 12. "இந்த 12தான் நம் சம்பளமா!" என்று கணக்காளர் கேட்கும் கணம் இருக்கிறதே, அதற்காகவே இத்தனை ஏற்பாடும்.

கடன் வாங்குபவர் சும்மா வாங்க முடியாது. வாழ்த்து அட்டை செய்து விற்கப் போகிறேன், காகிதத்துக்கு இவ்வளவு, வாரம் இத்தனை விற்கும் என்று எழுதித் தர வேண்டும். கடன் அதிகாரி கேள்வி கேட்பார். நண்பன் என்பதற்காகக் கொடுத்துவிடுவார்களா? சில நேரம் கொடுப்பார்கள். தடுக்காதீர்கள்.

தவணைக் கணக்கை மட்டும் தனிப் பயிற்சியாகச் செய்யுங்கள். பாதித் தூரத்தில் விட்டுவிடக் கூடாத இடம் இது.

[திரையில்: இரண்டு கடன் விளம்பரங்கள். இரண்டிலும் "10 சதவீதம்".]

கடன் 1,200. ஓராண்டு, 12 தவணை. முதல் விளம்பரம் ஃபிளாட் வட்டி. மொத்தத் தொகைக்கும் முழு ஆண்டுக்கும் வட்டி 120, ஆக மாதம் 110. இரண்டாவதில், மீதி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி. மாதம் 100 அசல் கழிகிறது. முதல் மாதம் வட்டி 10, கடைசி மாதம் ஒன்றுக்கும் குறைவு. மாணவர்களை 12 வரிகளையும் கையால் எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். மொத்த வட்டி 65. அங்கே 120, இங்கே 65, இரண்டுக்கும் பெயர் 10 சதவீதம்! முதல் கடனில் ஆறாவது மாதமே பாதி அசலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம், ஆனாலும் முழு 1,200க்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். குறையும் நிலுவைக்கு மாற்றிப் பார்த்தால் அந்தக் கடனின் உண்மை விகிதம் ஏறக்குறைய 18 சதவீதம். நிஜ வாழ்க்கையில் எத்தனையோ பேர் இது தெரியாமல் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் என்றால் இதைச் செய்யுங்கள்.

அப்புறம், ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஏழு பேரைப் பணம் எடுக்க அனுப்புங்கள். ஆளுக்கு 100. ஆறாவது ஆளோடு கையிருப்பு தீர்ந்துவிடும். ஏழாவது ஆள் வெறுங்கையோடு திரும்பினால், மற்றவர்கள் சொல்லாமலே வரிசையில் வந்து நிற்பார்கள். வங்கி யாரையும் ஏமாற்றவில்லை, பேரேடும் சரியாக இருக்கிறது, பணம் கடனில் இருக்கிறது, அவ்வளவுதான். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டபோது நடந்ததில் பெரும்பகுதி இதுதான். 1933இல் அங்கே வைப்புக் காப்பீட்டுக் கழகம் உருவாக்கப்பட்டது. 1934 முதல் ஒரு வைப்பாளருக்கு 2,500 டாலர் வரை காப்பு. காப்பீட்டுக்கு ஒரு வரம்பு உண்டு என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். தங்கள் வங்கிக்கு எந்த அளவு காப்பு என்று மாணவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

விலைவாசிக்கு ஒரு சின்ன ஏலம் போதும். ஐந்து பேனாக்களை ஏலம் விடுங்கள். அடுத்த வாரம் எல்லோர் கையிலும் டோக்கனை இரட்டிப்பாக்கி அதே ஐந்து பேனாக்களை மறுபடி விடுங்கள். விலையை அவர்களே ஏற்றிவிடுவார்கள். மோசடிக் குறுஞ்செய்திக்கும் ஒரு வகுப்பு ஒதுக்குங்கள்: அவசரப்படுத்துவது, இணைப்பை அழுத்தச் சொல்வது, ஓடிபி கேட்பது.

இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். டோக்கனை மதிப்பெண்ணோடு இணைக்காதீர்கள். செலவுக் குறிப்பு எழுதச் சொன்னால், வீட்டு வருமானத்தையோ வீட்டுக் கடனையோ கேட்காதீர்கள். கையில் காசே வராத மாணவரும் வகுப்பில் இருப்பார். டோக்கன் செலவை 14 நாள் எழுதினாலே கற்க வேண்டியதைக் கற்றுவிடலாம்.

[திரையில்: பேரேட்டில் நிலுவையாக நிற்கும் ஒரு பெயர், மறைக்கப்பட்டது.]

யாராவது ஒருவருக்குக் கடனைக் கட்ட முடியாமல் போகும். அட்டை விற்றிருக்காது. வகுப்பு கோபப்படும், அவர் கூனிக் குறுகுவார். ஆசிரியர் உடனே இருக்க வேண்டிய இடம் இது. கேள்வியை ஆளிடமிருந்து கணக்குக்குத் திருப்புங்கள். தவணையை நீட்டினால் வாரம் எவ்வளவு? வட்டியை விட்டுக்கொடுத்தால் அந்த 12 டோக்கன் மிச்சத்தில் எவ்வளவு குறையும்? கடன் கொடுக்கும்போது எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டோம்? வாக்கெடுத்து முடிவு செய்யட்டும். புதிய தவணை அட்டவணையை கடன் வாங்கியவரும் கடன் அதிகாரியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதட்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும்.