கவைக்கு முன்னால் ஒரு பகல்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

மரம் வரையத் தொடங்கிய காலத்தில் என் கண்ணில் பட்டதெல்லாம் இலைதான். ஒவ்வொரு இலையாகப் போட்டு ஒரு கொம்பை முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்தால் இலைக் குவியல் இருக்கும், மரம் இருக்காது. புகைப்படத்தை வைத்து வரைந்தபோது பொழுது நகர்வது ஒரு சிக்கலாகத் தெரியவில்லை. படத்தில் வெயில் அப்படியே நிற்கும். வெளியிலோ சூரியன் மணிக்கு 15 பாகை நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் முதல் இருபது நிமிடத்தில் நிழல் விழும் இடங்களைக் குறித்துவிடுகிறேன். அப்புறம் நிழல் எங்கே போனாலும் அதன் பின்னால் போவதில்லை. போனால் ஒரே மரத்தில் காலையும் உச்சிவேளையும் கலந்துவிடும்.

இன்னொன்று, தாளை முழு நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் வட்ட வட்டமாக வெளிச்சம் சிதறிக் கிடக்குமே, அவை வெறும் புள்ளிகள் அல்ல. இலை இடுக்குகள் ஊசித்துளைபோல் வேலை செய்து கீழே விழச் செய்கிற சூரியனின் பிம்பங்கள். பகுதி கிரகணத்தன்று பார்த்தால் அத்தனையும் பிறையாகத் தெரியும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அவை தாளின் மேல் விழுந்தால், எது பென்சிலின் கருமை, எது நிழலின் கருமை என்று கண்ணுக்குப் பிடிபடாது.

நான் அதிக நேரம் உட்காருவது கவைக்கு முன்னால்தான், அடிமரம் இரண்டாகப் பிரிகிற இடத்தில். எனக்கு ஒரு புளியமரம் இருக்கிறது, பலமுறை வரைந்துவிட்டேன். தாளில் அடிமரத்தின் அகலம் 10 மில்லிமீட்டர் என்றால் கிளைக்குப் பாதி, ஐந்து ஐந்து என்று என் கை போட்டுவிடும். கிளைகள் நோஞ்சானாக நிற்கும். ஒரு மரத்தின் கிளைகளை எந்த உயரத்தில் ஒன்றுசேர்த்தாலும் அடிமரத்தின் பருமன் வரும் என்று லியொனார்டோ டா வின்சி தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். பருமன் என்பதை அகலமாக அல்லாமல், குறுக்கே வெட்டினால் தெரிகிற முகத்தின் பரப்பாக எடுத்துக்கொண்டால், சமமான இரு கிளைகளில் ஒவ்வொன்றின் அகலமும் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். எல்லா மரமும் இந்தக் கணக்குக்கு அப்படியே அடங்கிவிடாது. ஆனாலும் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அளந்தேன். ஏழுக்குப் பக்கத்தில்தான் நின்றது. அன்றைக்குத்தான் என் தாளில் அந்த மரம் தன் பாரத்தைத் தானே தாங்கியது.

கிட்டே போய்ப் பாருங்கள். கவையில் இரண்டு கிளைகளின் பட்டையும் நெருக்கிக்கொண்டு ஒரு வரப்பு எழும்பியிருக்கும். அது இரண்டு பக்கமும் மீசைபோல் கீழே இறங்கும். உள்ளே கொஞ்சம் மண், சருகு, எறும்பு. இவ்வளவையும் பார்த்த பிறகு இலைகளை ஒவ்வொன்றாகப் போடத் தோன்றாது. கண்ணை இடுக்கிக்கொண்டு தழையை ஒரே திரளாகப் பார்ப்பேன். கொம்புகளுக்கு நடுவே தெரிகிற வானத்துண்டுகளின் வடிவத்தை முதலில் வரைவேன். துண்டுகள் சரியாக அமைந்தால் கொம்புகளும் சரியாக அமைந்துவிடும்.

முழு மரத்தையும் வரைந்துதான் தீரவேண்டும் என்பதில்லை. ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821 வாக்கில் ஓர் எல்ம் மரத்தின் அடிமரத்தை மட்டும் தீட்டினார். உச்சி படத்துக்குள் வரவே இல்லை. பட்டையின் வெடிப்புகளைப் பார்க்கும்போது அதைத் தொட்டுப் பார்க்கக் கை நீளும்.

என் புளியமரத்தில் சில வருடங்களுக்கு முன் ஒரு கிளையை அறுத்துவிட்டார்கள். எனக்கு மனசே ஆறவில்லை, கொஞ்ச காலம் அந்தப் பக்கமே போகவில்லை. போன வாரம் போனேன். அறுத்த வாயைச் சுற்றிலும் புதுப்பட்டை உதடுபோல் உருண்டு வந்திருக்கிறது. பகல் முழுக்க அதை மட்டுமே வரைந்தேன். நடுவில் மூடாத இடம் இன்னும் ஒரு கட்டைவிரல் அகலம் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.