வைக்கோல் நிற வௌவாலின் முகவரி

அவையோருக்கு வணக்கம். பழந்தின்னி வௌவால் என்றதும் ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்கும் நம் ஊர் வௌவால்தான் உங்கள் கண்முன் வரும். அதன் பேரினம், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதி, டெரோபஸ். அதன் பங்காளிகள் மடகாஸ்கரில் இருக்கிறார்கள்; தான்சானியாக் கரையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் உள்ள பெம்பா தீவிலும் இருக்கிறார்கள். அந்த 50 கிலோமீட்டரைத் தாண்டிப் போனால் ஆப்பிரிக்கப் பெருநிலம். அங்கே ஒன்றுகூடக் கிடையாது!

அங்கே குடியிருப்பது வேறு பேரினம், எய்டோலான். கிரேக்கத்தில் ஆவியுரு என்று பொருள். நான் இன்று பேச வந்தது எய்டோலான் ஹெல்வம் என்ற வைக்கோல் நிற வௌவாலைப் பற்றி. கழுத்தைச் சுற்றி வைக்கோல் மஞ்சள். ஆணுக்கு அது ஆரஞ்சாகவே மாறிவிடும். சிறகை விரித்தால் முக்கால் மீட்டர். 1792இல் ஸ்காட்லாந்து இயற்கையியலாளர் ராபர்ட் கெர் இதை விவரித்தபோது வெஸ்பெர்டிலியோ என்ற பேரினத்தில் சேர்த்தார். அன்று ஏறக்குறைய எல்லா வௌவாலுக்கும் அந்த ஒரே கூடைதான். எய்டோலான் என்ற தனிப் பேரினம் 1815இல்தான் வந்தது. இன்று அதில் இரண்டே இனங்கள். மற்றொன்று மடகாஸ்கருக்கு மட்டுமே உரியது.

இனி இது வாழும் இடத்துக்கு வருவோம். செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை, தெற்கே தென்னாப்பிரிக்கா வரை, செங்கடலுக்கு அப்பால் ஏமனிலும். இவ்வளவு பரந்த நிலத்தில் ஊருக்கொரு வகை உருவாகியிருக்க வேண்டும் அல்லவா? 2013இல் வெளியான மரபணு ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. கானா வௌவாலும் தான்சானியா வௌவாலும் ஒரே குடும்பம்போலக் கலந்திருக்கின்றன. விலகி நிற்பவை கினி வளைகுடாவில் கரையை விட்டுத் தள்ளியிருக்கும் தீவுகளில் இருப்பவை. அவற்றுள் கரையிலிருந்து 350 கிலோமீட்டர் தள்ளியுள்ள அன்னோபோன் தீவின் வௌவால் உடலில் சிறியது. 2000இல் அதற்குத் துணையினப் பெயரே கொடுத்துவிட்டார்கள்.

கண்டம் முழுதும் கலப்பதற்குக் காரணம் பசி. பழம் எங்கே பழுக்கிறதோ அங்கே கூட்டம். கானாத் தலைநகர் அக்ராவில் ஒரு ராணுவ மருத்துவமனையின் மரங்களில் பட்டப்பகலில் ஆயிரக்கணக்கில் தொங்குகின்றன. சிகிச்சைக்கு வந்து இறந்துபோன ஒரு குறுநிலத் தலைவரைத் தொடர்ந்து வந்தவை அவை, அவரை அழைத்துப் போகக் காத்திருக்கின்றன என்று அங்கே கதை சொல்வார்கள். விலங்கியலைவிட எனக்கு அந்தக் கதை பிடிக்கும்.

அருகில் பார்த்தால் அது சாப்பிடும் விதம் தெரியும். பழத்தை வாயில் அதக்கி, நாக்கால் அண்ணத்தில் வைத்து நசுக்கிச் சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பும். விதைகள் வழியெங்கும் விழும்.

இனங்களின் பரவலைக் காட்டும் வரைபடங்களில் எனக்கு ஒரு குறை உண்டு. நாடு முழுதும் ஒரே வண்ணத்தைப் பூசிவிடுகிறார்கள், மாதத்தைச் சொல்வதில்லை. ஜாம்பியாவின் கசங்கா தேசியப் பூங்காவுக்கு அக்டோபரில் போனால், சதுப்புக் காட்டின் ஒரு சிறு துண்டில் லட்சக்கணக்கான வௌவால்கள் கிளை முறியத் தொங்கும். அங்கே இடங்காட்டும் கருவி பொருத்தப்பட்ட ஒரு வௌவால் ஐந்து மாதத்துக்குள் 2,500 கிலோமீட்டர் பறந்தது. ஜனவரி நடுவில் போய்ப் பாருங்கள். முறிந்த கிளைகள் இருக்கும், ஒரு வௌவாலும் இருக்காது.