ஆகஸ்ட் 5-ஆ, செப்டம்பர் 6-ஆ? 1965 போரும் இரண்டு பாடப்புத்தகங்களும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு மேசைமேல் இரண்டே பொருள்தான். ஒன்று, என் அக்கா மகளின் பன்னிரண்டாம் வகுப்பு என்சிஇஆர்டி அரசியல் அறிவியல் புத்தகம். இன்னொன்று, பஞ்சாப் எல்லையின் வரைபடம், நானே பிரிண்ட் எடுத்தது.

துபாயில் வேலை பார்த்தபோது எங்கள் அறையில் லாகூர்க்காரர் ஒருவர் இருந்தார். ஏசி மெக்கானிக். எல்லோரும் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு செப்டம்பர் 6ஆம் தேதி சேமியா காய்ச்சி அறை முழுக்கக் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டேன். இன்றைக்கு எங்கள் நாட்டின் பாதுகாப்பு நாள் என்றார். 1965இல் இதே நாள் விடியற்காலையில், போர் என்று அறிவிக்காமலே இந்திய ராணுவம் லாகூர்மேல் பாய்ந்தது, எங்கள் ஆட்கள் தடுத்து நிறுத்தினார்கள், சின்ன வகுப்பிலேயே படித்தோம் என்றார். "அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே காஷ்மீருக்குள் ஆள் அனுப்பினீர்களே உஸ்தாத்?" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. உண்மையாகவே புரியாமல், "யார் அனுப்பியது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த வீடியோ.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1965 ஆகஸ்ட் தொடக்கத்தில் பாகிஸ்தான் ராணுவம் ஆபரேஷன் ஜிப்ரால்டர் என்ற பெயரில் ஆயிரக்கணக்கானவர்களைப் போர்நிறுத்தக் கோட்டைத் தாண்டிக் காஷ்மீருக்குள் அனுப்பியது. மக்கள் கிளர்ந்து எழுவார்கள் என்பது கணக்கு. அது நடக்கவில்லை. செப்டம்பர் 1 அன்று ஜம்மு பக்கம் உள்ள அக்னூரைக் குறிவைத்து டாங்கிகளோடு வந்தார்கள். அக்னூர் பாலம் கையை விட்டுப் போனால் அந்தப் பகுதியில் இருந்த இந்தியப் படைகளுக்குச் சாமான் போகும் வழி அடைபடும். அந்த நெருக்கடியைத் தளர்த்தத்தான் செப்டம்பர் 6 அன்று இந்தியா சர்வதேச எல்லையைத் தாண்டி லாகூர்ப் பக்கம் போனது. 23ஆம் தேதி சண்டை நின்றது.

பாகிஸ்தானின் பெரும்பாலான பள்ளிப் புத்தகங்களில் கதை செப்டம்பர் 6 அன்றுதான் தொடங்கும். ஆகஸ்ட் மாதமே கிடையாது. அங்கிருந்து படித்தால் உஸ்தாத் சொன்னது ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு யாரோ முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

இதோ நம் புத்தகம். ஏப்ரலில் கட்ச் ரண் பகுதியில் நடந்த தாக்குதல், அப்புறம் ஆகஸ்ட், செப்டம்பர், அதற்குப் பதிலடி, நம் படை லாகூருக்கு அருகில் போனது. வரிசை சரிதான். ஆனால் லாகூருக்கு அருகில் போனதோடு சண்டைக்களம் முடிந்துவிடுகிறது. பாகிஸ்தானின் சியால்கோட் பக்கம் சவிண்டாவில் நம் டாங்கிப் படை நிறுத்தப்பட்டது இதில் இல்லை. பதான்கோட் விமானத் தளத்தில் தரையில் நின்ற நம் விமானங்கள் எரிந்ததும் இல்லை. கேம்கரனுக்குப் பக்கத்தில் அசல் உத்தரில், ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு பாட்டன் டாங்கிகளை எதிர்த்து நின்று உயிர்விட்ட அப்துல் ஹமீது நமக்குத் தெரியும். சவிண்டா தெரியாது. அங்கே அப்படியே தலைகீழ்.

அதற்காக இரண்டு தப்பும் ஒன்றுதான் என்று நான் சொல்ல மாட்டேன். தோற்ற இடத்தை விடுவது வேறு, தொடங்கிய மாதத்தையே விடுவது வேறு. யார் முதலில் கை வைத்தது என்பதையே மாற்றிவிடுகிறதே!

இந்த வரைபடத்தைப் பாருங்கள். லாகூருக்குக் கிழக்கே ஒரு கோடு ஓடுகிறது இல்லையா, அது கால்வாய். இந்திய ராணுவக் குறிப்புகளில் இதன் பெயர் இச்சோகில் கால்வாய். நம் படை அதன் கரையிலுள்ள டோகராயைப் பிடித்தது என்று பெருமையாகச் சொல்வோம். உஸ்தாத் ஊரில் இதற்குப் பெயர் பிஆர்பி கால்வாய். இதே தண்ணீருக்குப் பக்கத்தில் பர்க்கியில் நாள்கணக்கில் நின்று சண்டை போட்டு உயிர்விட்ட பாகிஸ்தான் மேஜர் அஜீஸ் பட்டிக்கு அந்த நாட்டின் மிக உயர்ந்த ராணுவ விருதான நிஷான்-ஏ-ஹைதர் கொடுத்தார்கள். ஒரே கால்வாய்தான். பிள்ளைகள் தேர்வில் எழுதும் பெயர் கூட வேறு வேறு.

இப்போது சொல்லப்போவது என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது. செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத்தைத் தாக்கப் போன நம் விமானங்களில் ஒன்று திரும்பவில்லை. ஓட்டியவர் குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா. காணாமல் போனவர், அவ்வளவுதான் நம் பதிவு. பல வருடம் கழித்து, பாகிஸ்தான் விமானப்படை தந்த தகவல்களை வைத்து ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளர் எழுதியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அடிபட்ட பழைய மிஸ்டியர் விமானத்தோடு அவர் தப்பித்து ஓடவில்லை. திரும்பி நின்று, தன்னைச் சுட்ட ஸ்டார்ஃபைட்டர் போர் விமானத்தையே வீழ்த்தியிருக்கிறார். அந்த பாகிஸ்தானிய விமானி பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். 1988இல், 23 வருடம் கழித்து, தேவய்யாவுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. எதிரி நாட்டின் பதிவு இல்லாமல் போயிருந்தால் நம் வீரனை நமக்கே தெரிந்திருக்காது. இது ஏன் இரண்டு நாட்டுப் புத்தகத்திலும் இல்லை என்று எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

அப்புறம் தாஷ்கண்ட். போருக்குப் பிறகு இரண்டு நாடும் சமாதான ஒப்பந்தம் போட்ட ஊர். 1966 ஜனவரி 10. களத்தில் ஜெயித்ததை மேசையில் தோற்றோம் என்று அங்கே ஒரு பேச்சு. காஷ்மீரில் உள்ள ஹாஜி பீர் கணவாயைப் பிடித்தும் திருப்பிக் கொடுத்துவிட்டோமே என்று இங்கே ஒரு பேச்சு. அன்று இரவே நம் பிரதமர் சாஸ்திரி அங்கேயே இறந்துபோனார். மறுநாள் அவர் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் பாகிஸ்தான் அதிபர் அயூப் கான். அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு தேதி இருக்கிறது. இரண்டு படைகளும் 1965 ஆகஸ்ட் 5க்கு முன் இருந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறது. செப்டம்பர் 6 இல்லை, ஆகஸ்ட் 5. கீழே அயூப் கானின் கையெழுத்தும் இருக்கிறது. அன்றைக்கு உஸ்தாதிடம் காட்ட இது என் கையில் இல்லை. போன வாரம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டார், நீல டிக் வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு கேள்வி அனுப்பினார்: "சவிண்டா பற்றி உங்கள் புத்தகத்தில் என்ன இருக்கிறது?"

இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன். உங்கள் வீட்டில் பழைய வரலாற்றுப் பாடநூல் இருந்தால் 1965ஐ எடுத்து, அதில் வரும் முதல் தேதி என்ன என்று கமெண்ட்டில் போடுங்கள். எந்த வருடத்துப் புத்தகம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.