புல்வெளியின் இரவுக் குடிகள்

(வினிபெக் நகரில் தமிழர் கோடை ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, விழாக் குழுவினரே, தமிழ் தெரியாவிட்டாலும் முன்வரிசையில் ஒரு மணி நேரமாகப் பொறுமையோடு அமர்ந்திருக்கும் நகர மன்ற உறுப்பினர் அவர்களே, சனிக்கிழமைதோறும் நம் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித்தரும் ஆசிரியைகளே, பிராண்டன் நகரிலிருந்து இந்த வயதிலும் பஸ் பிடித்து வந்திருக்கும் நம் மருத்துவர் ஐயா அவர்களே, காலை ஐந்து மணி முதல் சமையல்கூடத்தில் நின்று நமக்கெல்லாம் சாம்பார் வைத்த தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம். பெயர் விட்டுப்போன பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். இரண்டு மாதம் முன்பு செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, இந்த முறை நீங்கள் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம்" என்றார். அந்த நொடியே தலைப்பை முடிவு செய்துவிட்டேன்.

அந்துப்பூச்சி.

நம் மொழியில் இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? நெல் குதிரிலிருந்து. அந்து விழுந்த நெல் என்று நம் பாட்டிமார் முறத்தில் புடைத்துத் தள்ளினார்களே, அந்தச் சின்னப் பூச்சியிலிருந்து. களஞ்சியத்தில் நட்டம் செய்த ஒன்றின் பெயரைக் குலம் முழுவதற்கும் சூட்டிவிட்டோம். ஆனால் அந்தக் குலம் எவ்வளவு பெரியது! பக்கத்திலிருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்துக்கு 2010-இல் ஒரு பட்டியல் வெளிவந்தது. வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் சேர்த்து 2,367 இனங்கள். அதில் வண்ணத்துப்பூச்சிகள் இருநூறுக்கும் குறைவு. மற்ற அத்தனையும் அந்துப்பூச்சிகள்தாம். பகலில் பறப்பவற்றுக்குப் பாட்டுப் பாடினோம், இரவில் பறப்பவற்றைச் செருப்பால் அடித்தோம். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று நம் முன்னோர் சொன்னார்கள். இன்று அந்தப் பழமொழியை நான் பலமுறை சொல்வேன். இந்த மேடையில் அதைவிடப் பொருத்தமான வாக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். முதலாவது, இந்தப் புல்வெளி நாட்டில் எந்தப் பூச்சி எங்கே வாழ்கிறது, ஏன் அங்கே மட்டும் வாழ்கிறது என்பது. இரண்டாவது, பயிரைத் தின்னும் இனங்கள். மூன்றாவது, அவற்றைக் கணக்கெடுக்கும் முறைகள்.

ஆல்பர்ட்டா, சஸ்காட்சுவான், மனிட்டோபா என்று மூன்று மாகாணங்களையும் சேர்த்துப் பிரேரி என்கிறோம். காரில் போகும்போது எல்லாம் ஒரே தட்டையான நிலம் என்று நினைக்கிறோம். பூச்சிக்கு அது ஒரே நிலம் அல்ல. தெற்கே, பாலிசர் என்ற பயணி 1857-இல் தொடங்கிய ஆய்வுப் பயணத்தில் வறண்ட முக்கோணம் என்று குறித்துவைத்த குறும்புல் வெளி. அதற்கு வடக்கே வில்லைப் போல வளைந்து போகும் ஆஸ்பென் மரச் சோலைகள். கிழக்கே நம் மனிட்டோபாவின் சிவப்பாற்றுச் சமவெளியில் ஆள் உயரப் புல். ஒரு காலத்தில் இந்த உயரப் புல்வெளி இங்கே 6,000 சதுர கிலோமீட்டர் இருந்தது. இன்று அதில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. நம் வீடுகளே அதன்மேல்தான் நிற்கின்றன.

இந்த ஒவ்வொரு மண்ணுக்கும் அதன் குடிகள் உண்டு. ஆல்பர்ட்டாவின் தென்கிழக்கு மூலையில், மில்க் நதி ஓரம், ஒன்ஃபோர் என்ற இடத்தில், வெயில் படும் சரிவுகளில் யூக்கா செடி முளைக்கிறது. கனடாவில் அது இயற்கையாக வளர்வது அந்த வட்டாரத்தில் மட்டும்தான். அந்தச் செடிக்கு ஒரே ஒரு துணை, விரல் நகத்தளவு வெள்ளை அந்துப்பூச்சி. ஜூன், ஜூலை இரவுகளில் பெண் பூச்சி ஒரு பூவில் ஏறி, வாயருகே உள்ள சுருள் உறுப்பால் மகரந்தத்தைத் திரட்டி உருண்டையாக்கிக் கொள்கிறது. இன்னொரு பூவுக்குப் பறக்கிறது. சூலகத்தைத் துளைத்து முட்டையிடுகிறது. பிறகு மேலே ஏறி, கொண்டுவந்த மகரந்தத்தைச் சூல்முடியில் தானே வைத்து அழுத்துகிறது. தற்செயலாக ஒட்டி உதிர்வது அல்ல, வைத்து அழுத்துகிறது! அதன் புழு சில விதைகளைத் தின்னும், மீதி விதை செடிக்கு. பூச்சி இல்லையேல் காய் இல்லை, செடி இல்லையேல் பூச்சி இல்லை. 1872-இல் அமெரிக்காவின் மிசூரியில் சார்லஸ் ரைலி இதை எழுதியபோது பலர் நம்பவே மறுத்தார்கள். இன்று கனடாவில் இந்தப் பூச்சி அழியும் நிலையில் உள்ள இனம். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்றேனே, இங்கே அந்தத் துரும்பின்மேல் ஒரு செடியின் வம்சமே நிற்கிறது.

நம் மாகாணத்துக்கு வருவோம். இங்கிருந்து மேற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் ஸ்புரூஸ் வுட்ஸ் பூங்கா. அங்கே மணல்மேடுகள் இருக்கின்றன. பார்த்தவர்கள் கை தூக்குங்கள். நல்லது. அருகில் ஆவீம் என்ற சிற்றூரில் நார்மன் கிரிடில் என்றொரு மனிதர் வாழ்ந்தார். 1882-இல் இங்கிலாந்திலிருந்து சிறுவனாக வந்தவர், 1933-இல் மறையும் வரை அந்தப் பண்ணையைச் சுற்றிப் பூச்சிகளைச் சேர்த்தார். அவர் குடும்பத்தின் வீட்டு மனை இன்று மாகாணப் பூங்கா. ஆவீம் என்ற பெயரைத் தாங்கிய இனங்களில் ஒன்றை நான் பொன்னோர மணி என்று தமிழில் அழைக்கிறேன். ஆங்கிலப் பெயரின் பொருளும் அதுதான். பகலில் பறக்கும் சின்ன அந்துப்பூச்சி அது. காற்றில் நகரும் மணலில் முளைக்கும் காட்டுச் சூரியகாந்தியின் தலைதான் அதன் புழுவுக்கு உணவு. மணல் நகர்வதை நிறுத்திப் புல் மூடிவிட்டால் சூரியகாந்தி போய்விடும், பொன்னோர மணியும் போய்விடும். காட்டெருமைக் கூட்டங்கள் மிதித்ததும் தீ பரவியதும் மணலை நகரவிட்டன. இரண்டையும் நாம் நிறுத்திவிட்டோம்.

அதே ஆவீமின் பெயர்கொண்ட இன்னொன்று, 1908-இல் பெயரிடப்பட்ட ஒரு தண்டுத் துளைப்பான். மணல் நாட்டில் கிடைத்ததால் மணல்மேட்டுப் பூச்சி என்றே நெடுங்காலம் நம்பினார்கள். மணலில் தேடித் தேடி, அழிந்துவிட்டதோ என்று அஞ்சினார்கள். கடைசியில் பார்த்தால் அதன் புழு சதுப்பு நிலத்துச் செடி ஒன்றின் தண்டில் இருந்தது! ஒரு பூச்சி கிடைத்த இடமே அதன் வீடு என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்போது ஒரு நிகழ்ச்சி சொல்ல வேண்டும். தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார், பார்த்தேன் ஐயா. இதைச் சொல்லாமல் நான் இறங்க முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் கடைசி. என் அக்காள் மகனும் நானும் அந்த மணல் நாட்டுக்கு அருகே ஒரு மண்சாலை ஓரத்தில் விளக்கு வைக்கப் போனோம். முறை எளிது. பாதரச ஆவி விளக்கு ஒன்று, அதன் பின்னால் வெள்ளைத் துணி, வந்து அமரும் பூச்சிகளைப் படம் எடுத்துக் குறித்துக்கொள்வது. போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, துணி வீட்டிலேயே நின்றுவிட்டது. "மாமா, என்ன செய்வது?" என்கிறான் பையன். என் பையில் ஒரு வேட்டி இருந்தது. என் அப்பா கடைசி முறை ஊரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த எட்டு முழ வேட்டி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்டது. இரண்டு கம்புகளுக்கு இடையே அதைக் கட்டினோம். கொசு மொய்க்கிறது. ஜூனில் இங்கே இருட்டவே பதினொரு மணி. பதினொன்றரைக்கு வேட்டி முழுக்கச் சின்னச் சின்னதாய்ப் பழுப்பு, சாம்பல், பச்சை. கரையின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, யாரோ தறியில் வைத்து நெய்ததைப் போல.

அப்போது ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. எண்பதை நெருங்கிய விவசாயி, உக்ரேனியப் பரம்பரை. "இந்த நேரத்தில் என் நிலத்தின் ஓரம் என்ன வெளிச்சம்?" என்றார். சொன்னேன். நம்பாமல் அருகே வந்தார். அந்த நேரம் பார்த்துப் பாலிஃபீமஸ் என்ற பெரிய அந்துப்பூச்சி வந்தது. என் விரித்த கையளவு, இறகில் இரண்டு பெரிய கண்கள், கண்ணுக்கு நடுவே கண்ணாடி போல ஒரு சிறு சன்னல். வேட்டியில் அமர்ந்ததும் அந்தச் சன்னல் வழியாகத் துணியின் இழை தெரிந்தது. தாய்மார்களே, நீங்கள் உடுத்தும் டஸ்ஸர் பட்டைத் தரும் பூச்சிக்கு இது நேர் உறவு, ஒரே பேரினம். வளர்ந்த பிறகு இதற்கு உண்ண வாய் இல்லை. ஒரு வாரம்போல வாழும், முட்டையிட்டுச் சாகும்.

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். "சிறுவனாக இருந்தபோது இவை எங்கள் மண்ணெண்ணெய் விளக்குக் கண்ணாடியில் வந்து மோதும். பாட்டி கையில் பிடித்து வெளியே விடுவாள். நாற்பது ஆண்டாகப் பார்க்கவில்லை. எல்லாம் போய்விட்டன என்று நினைத்தேன்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அரை மைல் தொலைவில், அவர் வீட்டு முற்றத்துக் கம்பத்தில் ஒரு விளக்கு வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. இரவு முழுவதும், ஆண்டு முழுவதும் எரியும் விளக்கு. என் கண் போன இடத்தை அவர் கண்ணும் பார்த்தது. வண்டியில் ஏறிப் போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தோம். பத்து நிமிடம் கழித்து அந்த விளக்கு அணைந்தது. அவர் திரும்பி வந்தார், ஒரு ஃபிளாஸ்க் நிறையக் காபியோடு. விடியற்காலை இரண்டு மணி வரை எங்களோடு நின்றார்.

இதைத்தான் நான் உங்களிடம் கேட்க வந்தேன். மறைக்க ஒன்றுமில்லை. விளக்கை அணையுங்கள்.

விளக்கில் விழும் விட்டில் என்று கவிதை எழுதினோம், அது வெளிச்சத்தின் மேல் கொண்ட காதல் என்றோம். 2024-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு விளக்கம் சொல்கிறது. பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொள்கிறது. இரவிலும் வானம்தானே மண்ணைவிட வெளுப்பு, அதனால் முதுகு வானத்தைப் பார்த்தால் நேராகப் பறக்கிறோம் என்று அதற்குக் கோடானுகோடி ஆண்டுப் பழக்கம். நம் விளக்கு அதற்குப் பொய் வானம். முதுகைத் திருப்பித் திருப்பி, சுற்றிச் சுற்றி, களைத்து விழுகிறது. முட்டையிட வேண்டிய இரவை நம் வாசலில் தொலைக்கிறது. நீங்களும் விளக்கு வைத்துத்தானே பார்க்கிறீர்கள் என்று கேட்பீர்கள். ஆம். கோடையில் சில இரவுகள், சில மணி நேரம், பிறகு அணைத்து, துணியை மெல்ல உதறிவிட்டு வருகிறோம். வாசல் விளக்குக்கு விடுமுறை கிடையாது.

பயிர்ப் பூச்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை, வாக்குக் கொடுத்தேன். வறண்ட முக்கோணத்தில் வெட்டுப்புழு ஒன்று உண்டு. அதன் அந்துப்பூச்சி உழுது பொடியான மண்ணில் முட்டையிடும். மே, ஜூனில் ஈரமான நாட்கள் பத்தைத் தாண்டினால் புழு மேலே வந்து ஒட்டுண்ணிகளுக்கு இரையாகும், அடுத்த ஆண்டு குறையும் என்று ஆல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜில் சீமன்ஸ் என்ற ஆய்வாளர் 1920-களிலேயே கண்டார். இன்னொரு வெட்டுப்புழு வளர்ந்து அந்துப்பூச்சியாகிக் கோடையில் ராக்கி மலைக்குப் பறந்துபோகிறது. அங்கே கரடி ஒன்று ஒரே நாளில் 40,000 பூச்சிகளை விழுங்குகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கோதுமையின் பகைவன் கரடிக்குக் குளிர்காலக் கொழுப்பு. சிறு துரும்பும் பல் குத்த உதவும்! ஒட்டன்சத்திரத்தில் கோஸ் பயிரிடுபவர் அஞ்சும் வைரமுதுகுப் பூச்சி இங்கேயும் உண்டு, வசந்தத்தில் தென்காற்றில் ஏறி அமெரிக்காவிலிருந்து வருகிறது. அது தனிக் கதை.

இரண்டாவது துண்டுச்சீட்டும் வந்துவிட்டது. கணக்கெடுக்கும் முறைகளை இன்னொரு மேடையில் சொல்கிறேன்.

நகர மன்ற உறுப்பினர் அவர்களே, உங்களுக்காக மொழிபெயர்ப்பவர் இதை மட்டும் தவறாமல் சொல்ல வேண்டும். சைப்ரஸ் மலைப் பூங்கா 2004-லேயே, இரவில் செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இருண்ட வானக் காப்பிடம் ஆயிற்று, சஸ்காட்சுவானின் கிராஸ்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா 2009-இல் ஆயிற்று. நம் தெருக்களில் விளக்கு மாற்றும்போது வெள்ளை வேண்டாம், மஞ்சள் சாயல் போதும், மேலே மூடி வேண்டும், வெளிச்சம் தரையைப் பார்க்க வேண்டும். என் தெருவில் ஒரு நிறுவனத்தின் வாகன நிறுத்துமிடம் யாருமே இல்லாமல் விடியும்வரை பகலாக எரிகிறது. மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. நீங்கள் எழுதினால் வரும்.

சங்கத்து நண்பர்களே, ஜூன், ஜூலை இரண்டு மாதம், இரவு பத்து மணிக்கு மேல் வாசல் விளக்கு வேண்டாம். அவ்வளவுதான் என் விண்ணப்பம். வெளியே மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். ஒப்புக்கொள்பவர்கள் தெருப் பெயரை மட்டும் எழுதுங்கள்.

வரும் சனிக்கிழமை இரவு ஸ்புரூஸ் வுட்ஸ் போகிறோம். பிள்ளைகளை அழைத்து வாருங்கள், முழுக்கைச் சட்டை போட்டு வாருங்கள், கொசு அதிகம். காபியை அந்தப் பெரியவர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். வேட்டி என்னிடம் இருக்கிறது. நன்றி, வணக்கம்.