ஓர்கெஸ்ட்ராவுக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு

வணக்கம் நேயர்களே. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கம் கர்நாடக வயலின் கற்கும் பிள்ளைகள் சிலருக்கு, மேற்கத்திய இசையைக் குழுவாக வாசிக்கும் இளையோர் ஓர்கெஸ்ட்ராவில் சேர ஆசை. ஆனால், "நமக்கு அது சரிப்படுமா?" என்று வீட்டில் தயங்குகிறார்கள். சரிப்படும். எதற்குத் தயாராக வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

வாத்தியம் ஒன்றுதான். மேற்கிலிருந்து வந்ததை பாலுசுவாமி தீட்சிதர் போன்றவர்கள் நம் இசைக்குப் பழக்கினார்கள். நாம் தரையில் அமர்ந்து வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கிறோம். அங்கே அதை நாடிக்குக் கீழே பிடிக்க வேண்டும். நாம் தந்திகளை ச-ப-ச-ப என்று கூட்டுகிறோம். அங்கே ஒவ்வொரு தந்தியும் முந்திய தந்திக்குப் பஞ்சமம். அதனால் விரல் பழகிய இடங்கள் சில மாறும். கமகம், அதாவது சுரத்தை அசைப்பது, இல்லாமல் சுரத்தை நேராக நிறுத்தவும் பழக வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் நேரம் கொடுங்கள்.

சேர்வதற்கான தேர்வில் பெரும்பாலும் ஸ்கேல், அதாவது சுர வரிசை, கேட்பார்கள், தயார் செய்த உருப்படி ஒன்று கேட்பார்கள், அப்புறம் முன்பின் பார்க்காத ஓர் இசைக்குறிப்புத் தாளை நீட்டி வாசிக்கச் சொல்வார்கள். பிள்ளைகள் உருப்படியிலேயே எல்லா நேரத்தையும் செலவழித்துவிடுகிறார்கள். காதால் கேட்டுப் பாடம் செய்தவர்கள் தடுமாறுவது அந்தப் புதிய தாளில்தான். ஆகவே தினமும் ஒரு புதிய பக்கம், மெதுவாக, நிற்காமல் வாசியுங்கள். தொடங்குமுன் ஸ்கேல் எது, தாளம் எது, கடினமான இடம் எது என்று கண்ணை ஓட்டுங்கள். பிசகினால் திரும்பிப் போக வேண்டாம். குழுவில் மற்றவர்கள் உங்களுக்காக நிற்க மாட்டார்கள். தேர்வாளரும் அதைக் கவனிப்பார்.

இந்த விஷயத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு பலம் உண்டு. சிறு வயதிலிருந்தே கையில் தாளம் போட்டவர்கள் அவர்கள். தோட்டங்களில் காமன் கூத்துக்குத் தப்பு அடிப்பவர்கள் ஒருவர் அடியை ஒருவர் கேட்டுத்தானே அடிக்கிறார்கள்? ஓர்கெஸ்ட்ராவுக்கும் அந்தக் காதுதான் வேண்டும்.

கொழும்பில் தேர்வு என்றால் காலநிலையையும் யோசியுங்கள். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அந்தக் குளிரிலிருந்து கடலோர வெக்கைக்கு இறங்கினால் சுருதி விலகும், தந்தியை முறுக்கும் பிரடை இறுகவோ நழுவவோ செய்யும். நேரத்தோடு போய்ப் பெட்டியைத் திறந்து வைத்து, பிறகு சுருதி சேருங்கள்.

தெரிவானதும் முதல் ஒத்திகை. ஒபோ என்ற ஊதுகருவி கொடுக்கும் ஏ சுரத்துக்கு எல்லோரும் சுருதி சேர்ப்பார்கள். பெரும்பாலும் 440 ஹேர்ட்ஸ். வயலின்காரர் இருவருக்கு ஒரு ஸ்டாண்ட். உள்பக்கம், அதாவது சபையிலிருந்து தள்ளி, இருப்பவர் தாளைப் புரட்டுவார், மற்றவர் நிறுத்தாமல் வாசிப்பார். வில் எல்லோருக்கும் ஒரே திசையில் போக வேண்டும். வயலின்காரருக்குத் தலைவரான முதல் வயலின்காரர் சொல்லும் திசையை உடனே குறித்துக்கொள்ளுங்கள். பென்சிலால் மட்டும் எழுதுங்கள், அந்தத் தாளை நாளை இன்னொரு பிள்ளை வாசிக்க வேண்டியிருக்கும்.

நன்றி, வணக்கம்.